கால் கடகடத்தால் பானை உடைந்துவிட்டதா?

இந்த ஆண்டில் இது மூன்றாவது. பழங்கலங்களைச் செப்பனிடும் என் பட்டறைக்கு, அட்டைப்பெட்டிக்குள் செய்தித்தாள் சுற்றி வந்தது மத்திய அமெரிக்காவின் பழங்கால நிக்கோயாப் பானை ஒன்று. பேரிக்காய் வடிவம், துருத்திய ஜாகுவார் தலை, இரண்டு கால்களும் ஒரு வாலுமாக மூன்று தாங்கல்கள். கால்களில் இருந்த பிளவுகளையெல்லாம் பசை அடைத்திருந்தது. "உள்ளே ஏதோ உடைந்து கடகடத்தது, ஒட்டிவிட்டேன்" என்றார் கொண்டுவந்தவர்.

உள்ளே எதுவும் உடையவில்லை ஐயா, அது கிலுகிலுப்பை! காலை உள்ளே வெற்றிடமாக வனைந்து, களிமண் உருண்டைகளைப் போட்டு மூடி, அதற்குப் பிறகுதான் சுட்டார்கள். பிளவு விட்டது சூளையில் ஆவி வெளியேறவும், பின்னர் ஓசை வெளியே வரவும். சில கலங்களில் தலைக்குள்ளும் உருண்டைகள் உண்டு. பானத்தை ஊற்றச் சாய்த்தாலே விலங்கு குரல் கொடுக்கும். சந்தேகமா? பிளவில் டார்ச் அடித்துப் பாருங்கள். உடைந்த சில்லுக்குக் கூர்முனை இருக்கும்; இவை கோலிக்குண்டு போலிருக்கும்.

அடுத்த கேள்வி, "மாயா நாகரிகத்துப் பானையா?" இல்லை. நிகராகுவாவின் பசிபிக் கரையும் கோஸ்டா ரிகாவின் வடமேற்கும் சேர்ந்த பகுதியில், ஏறத்தாழ கி.பி. 1000 முதல் 1350 வரை வனைந்தவை இந்த வெண்பூச்சுக் கலங்கள். ஜாகுவார் என்றதும் நரபலிக் கதையைத் தொடங்காதீர்கள். இரவில் வேட்டையாடும் அந்த விலங்கின் வலிமையைத் தலைவர்களோடும் பூசாரிகளோடும் சேர்த்தே ஆய்வாளர்கள் பேசுகிறார்கள். இடத்துக்கு இடம் விலங்கு மாறும்: பனாமாவின் கொக்லேப் பகுதிக் கலங்களில் முதலை முகம் அதிகம். அங்கேயே சிரிக்கிப் பகுதியின் வண்ணமில்லாத மெல்லிய கலங்களில், உடலில் ஓடு போர்த்திய ஆர்மடில்லோ என்ற விலங்கின் குட்டி உருவம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

தயவுசெய்து கழுவாதீர்கள். வினிகரும் பல் துலக்கும் பிரஷும் பூச்சையும் கருப்புக் கோடுகளையும் சேர்த்தே கொண்டுபோகும். உள்ளே படிந்திருப்பது அழுக்கு மட்டுமன்று. ஹோண்டுராஸின் புவெர்ட்டோ எஸ்கோண்டிடோவில் கி.மு. 1100 அளவிலேயே கொக்கோ குடித்தார்கள் என்பதைச் சொன்னது பானை ஓடுகளில் ஊறியிருந்த எச்சம்தான். தலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இரண்டு கையாலும் அடியைத் தாங்குங்கள்.

வந்த வழியைச் சொல்லும் காகிதம் இல்லாத கலத்தை நான் தொடுவதில்லை. கோஸ்டா ரிகாவில் மண்ணுக்கடியில் கிடைப்பது 1938 முதல் அரசுடைமை. கல்லறை தோண்டி விற்பவர்களுக்கு உவாக்கேரோ என்றே அங்கே பெயர். இந்தப் பானையைக் கொண்டுவந்தவரிடம் பாட்டனார் காலத்து, 1920களின் கப்பல் ரசீது இருந்தது.

பசையைக் கரைக்க அசிட்டோன் தோய்த்த பஞ்சோடு இரண்டு வாரம் உட்கார்ந்தேன். வலது கால் மறுபடி கிலுகிலுக்கிறது. இடது காலில் உருண்டைகள் பசையோடு சுவரில் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றை அசைக்க எனக்குத் துணிவில்லை.