கொழுகொழு குழந்தைக்கும் ரத்தசோகை வரும்

ஒன்றரை வயசுக் குழந்தை, எடையெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும், உள்ளங்கையிலும் சிவப்பே இருக்காது. என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டால், "சாதம் இறங்க மாட்டேங்குது டாக்டர், ஆனா பால் நல்லா குடிப்பான்" என்று பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பால்தான் பிரச்சினை. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 7, 8 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், ஒரு லிட்டர் பசும்பாலில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்கு பாலிலுள்ள கால்சியம் மற்ற உணவிலிருக்கும் இரும்பையும் உடம்பில் சேரவிடாது, வயிறு நிறைந்துவிடுவதால் குழந்தை சோற்றைத் தொடவும் மாட்டான். ஒரு வயசுக்குள் பசும்பால் கொடுத்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவுகூட வரலாம். தாய்ப்பால் கதை வேறு, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், அப்புறம் சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். பசும்பால் ஒரு வயசுக்குப் பிறகு, அதுவும் நாளைக்கு அரை லிட்டருக்குள். பாட்டிலை விட்டு டம்ளருக்கு மாற்றினாலே அளவு குறையும்.

இது எங்கோ நடக்கிற விஷயம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, நாடு முழுக்க 67. மண், சுவர்ச் சுண்ணாம்பு, சிலேட்டுக்குச்சி தின்றால் அடிக்காதீர்கள், அதுவும் ரத்தசோகையின் அறிகுறியாக இருக்கலாம், ரத்தம் பரிசோதியுங்கள். முதல் இரண்டு வருடம் மூளை வேகமாக வளரும் காலம், அப்போது விட்டதை எல்லாம் பின்னால் பிடித்துவிட முடியாது.

பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருக்கின்றனவே தவிர, இரும்பு ரொம்பக் குறைவு. ஆட்டு ஈரல், சுவரொட்டி (ஆட்டின் மண்ணீரல்) நன்றாக மசித்துக் கொடுங்கள். சைவம் என்றால் கீரை, பயறு, கம்பு, கூடவே கொஞ்சம் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய், அப்போதுதான் அந்த இரும்பு உடம்பில் ஒட்டும். டீ மட்டும் வேண்டவே வேண்டாம், பிஸ்கட் தொட்டுக்கொள்ளக்கூட.

ரத்தசோகை வந்தபின் உணவு மட்டும் போதாது, இரும்புச் சிரப் வேண்டும், அளவை எடை பார்த்து டாக்டர் சொல்வார். பாலோடு கலக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பாதிப் பேர் மறுபடி விழுகிறார்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தும் ஒரு மாதத்தில் ஏறவே இல்லையென்றால் தலசீமியா மாதிரி பரம்பரையாக வரும் ரத்த நோய்கள் காரணமா என்று பார்க்க வேண்டும், நீலகிரிப் பழங்குடிக் குழந்தைகள் என்றால் அதே வகையான அரிவாள் செல் நோயையும்.

அங்கன்வாடியில் வாரம் இரண்டு முறை 1 மில்லி கொடுக்கச் சொல்லி இலவசமாகத் தரும் சிரப்பை அலமாரியில் வைத்து மறந்துவிடாதீர்கள். அதே அலமாரியில் அம்மாவின் கர்ப்பகால இரும்பு மாத்திரை இருந்தால் எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள், மிட்டாய் என்று நினைத்து குழந்தை அள்ளி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.