ஏற்காட்டுக்கு முதல் மலைப் பயணமா? இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

சேலத்தில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவனிடம், "அண்ணா, முதல்முறையா மலைக்குப் போறோம், எங்க போகலாம்?" என்று பையன்கள் கேட்பது வாடிக்கை. ஏற்காடு என்றுதான் சொல்வேன். ஊரில் இருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70 வளைவுகள். ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36தான், ஆனால் சரிவு பயங்கரம். அதெல்லாம் கை பழகிய பிறகு.

ஏற்காட்டுச் சாலை அழகுக்கும் குறைவில்லை. ஏற ஏறக் காற்று குளிரும், கீழே சேலம் நகரம் விரியும், மேலே போனால் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், அடியில் காபிச் செடி. கோடை விழா நடக்கும் மே மாதக் கூட்டத்தில் மட்டும் முதல் பயணம் வேண்டாம். வார நாளில், விடிந்த பிறகு கிளம்புங்கள்.

ஏறும்போது பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், நடு வளைவில் மாற்றக் கூடாது. இடப்பக்க வளைவுகளில் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். அதை ஒட்டிப் போனால் வண்டி திணறி நின்றுவிடும். சாலையில் உங்கள் பாதிக்குள்ளேயே கொஞ்சம் தள்ளி, அகலமாகத் திரும்புங்கள். பஸ் வளைவில் திரும்புகிறதென்றால் முன்னாலேயே நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் உரிமை. இது சட்டத்திலேயே இருக்கிறது.

இனி இறக்கம். நான் எழுத வந்ததே இதற்காகத்தான்.

மலைக்குப் போய்வந்து பட்டறைக்கு வரும் வண்டிகளில் பின் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் டிரம்முக்குள் இருந்து கருகிய வாடை அடிக்கும். டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையான லைனரின் மேற்பரப்பு வழுவழுவென்று பளபளக்கும், விரலால் தேய்த்தால் சொரசொரப்பே இருக்காது. அப்படி ஆன லைனர் பிடிக்காது. சில வண்டிகளில் டிஸ்க் தகடு நீலம் பாரித்திருக்கும். கேட்டால் ஒரே பதில்: "பெட்ரோல் மிச்சமாகட்டும்னு நியூட்ரல்ல வந்தோம்ணா."

நியூட்ரலில் வந்தால் வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக் மட்டும்தான். கணக்கைப் பாருங்கள். ஏற்காடு கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கீழே. வண்டியும் இரண்டு பேருமாக 270 கிலோ, 1,200 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கிலேயே வெப்பமாக மாறினால் பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். உள்ளங்கை அகல லைனர் இதை எப்படித் தாங்கும்?

அதனால் எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். கிளட்ச்சை அமுக்கியபடி உருட்டக் கூடாது, என்ஜினை அணைக்கவே கூடாது. பிரேக்கை வளைவுக்கு முன்னால், நேர்ச் சாலையில், முன், பின் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் ஆற நேரமே இருக்காது.

ஸ்கூட்டரில் போகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாற்ற கியர் இல்லை, வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், அப்புறம் சுமை முழுக்க பிரேக்கில். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால் கிளம்பும் முன் பிரேக் ஆயிலைப் பாருங்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 அளவுக்குக்கூட இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் குமிழி கட்டும், பிரேக் லீவர் கைப்பிடி வரை மெத்தென்று போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவில்லை.

இறங்கும்போது லீவர் அப்படி மெத்தென்று ஆனால் பதறாமல் ஒவ்வொரு கியராகக் குறைத்து, இடது ஓரம் கட்டி, முதல் கியரிலேயே நிறுத்துங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் தகடு வளைந்துவிடும். ஆறிய பிறகும் லீவர் இறுகவில்லை என்றால் ஓட்ட வேண்டாம், வண்டியை ஏற்றிவர ஆளைக் கூப்பிடுங்கள்.