வீட்டில் பாட்டுப் பதிவு: மைக் வாங்கும் முன் அறையைக் கவனியுங்கள்

வீட்டில் பாடி, மிக்ஸிங்குக்கு (பதிவுகளைச் சேர்த்துச் சீராக்கும் வேலைக்கு) அனுப்பப்படும் குரல்களில் பெரும்பாலானவற்றைக் கெடுப்பது அறைதான். ஃபேன் இரைச்சலை மென்பொருளால் ஓரளவு துடைத்துவிடலாம். குரலோடு கலந்துவிட்ட சுவர் எதிரொலியைக் குரல் கெடாமல் பிரிப்பது மிகக் கடினம். அப்படியிருந்தும் முப்பதாயிரத்துக்குக் கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை) வாங்குபவர்கள் அறைக்கு மூவாயிரம் செலவழிக்க யோசிக்கிறார்கள். மைக் எவ்வளவு நுட்பமானதோ, அவ்வளவு நுட்பமாக அறையின் குறையும் பதிவாகும். அறையைச் சரிசெய்ய வழியே இல்லை என்றால், நெருக்கமாக வைத்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக்கே (மேடையில் கையில் பிடித்துப் பாடும் வகை) மேல்.

பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்பது நம் வீடுகளில் சகஜம். ஒலிப்பதிவுக்கு இதைவிட மோசமான அளவு கிடையாது. பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸிலும், அதன் மடங்குகளான 112, 168 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்றின் தேக்கமும் அதே அலைவரிசைகளில் சேர்ந்து வீங்கும். ஆண்குரலின் கீழ் ஸ்வரங்கள் 112-ஐ ஒட்டியவை. ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும் குடத்துக்குள் பாடியதுபோல் முழங்குவது இதனால்தான். எனவே மைக்கை அறையின் நட்ட நடுவிலும் மூலையிலும் வைக்காதீர்கள்; ஒரு சுவரிலிருந்து மூன்று, மூன்றரை அடி தள்ளி வையுங்கள்.

கடையில் விற்கும் ஓரங்குல ஃபோம் உச்ச அலைவரிசைகளை மட்டுமே உறிஞ்சும். அறை முழுக்க ஒட்டினால் குரலின் பளிச்சென்ற தன்மை போய்விடும், முழக்கம் அப்படியே இருக்கும். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம். 50 மில்லிமீட்டர் ராக்வூல் (கல் இழை) பலகை இரண்டைச் சேர்த்துத் துணியால் மூடி, சுவரிலிருந்து நான்கங்குலம் தள்ளி நிறுத்துங்கள். இழை தோலில் குத்தும், மூச்சிலும் போகும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். அதுவும் முடியாதென்றால் இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பாட்டுக்குப் பரவலாகப் பயன்படும் கார்டியாய்டு வகை மைக் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும். அதாவது பாடுபவரையும், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். மெத்தை போக வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுப்பக்கம். மைக்குக்குப் பின்னால் வளைத்து வைக்கும் கேடயம் அடுத்தபட்சம்தான். இரும்பு பீரோ உள்ள அறையில் கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை மெதுவாக இழுத்துப் பாடிப் பாருங்கள். எங்கோ ஒரு ஸ்வரத்தில் கதவோ ஜன்னல் கண்ணாடியோ அதிரும். இடுக்கில் அட்டையைச் செருகுங்கள்.

ஃபேன், ஏ.சி. இரண்டையும் அணைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பாடுவதே வழி. ஃபிரிட்ஜையும் நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், திரும்பப் போட மறக்காது. ‘ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த மூன்று பின் பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். நெருங்கினால் அடித்தொனி வீங்கும், விலகினால் அறை உள்ளே வரும். பாப் ஃபில்டரை (‘ப’ போன்ற எழுத்துகளின் காற்றடியைத் தடுக்கும் வலையை) மைக்கிலிருந்து இரண்டங்குலம் தள்ளி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். பாட்டின் மிக உரத்த வரியில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் நிறைவு. ஒத்திகையைவிடப் பதிவில் எல்லோரும் உரக்கத்தான் பாடுவார்கள். மீட்டரில் சிவப்பு எரிந்த, அதாவது அளவு மீறி ஒலி சிதைந்த, இடத்தை மீட்கவே முடியாது.

தாளம் பின்தங்குகிறதென்று பாடகரைக் குறை சொல்வதற்கு முன் பஃபரைப் (கணினி ஒலியைச் சேர்த்துவைத்துக் கையாளும் அளவை) பாருங்கள். அது பெரிதானால் பாடுபவர் ஹெட்ஃபோனில் தன் குரலைத் தாமதமாகக் கேட்பார். 48,000 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே 21 மில்லிசெகண்ட். 128-க்கு இறக்கினால் 2.7. இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில்) கணினி வழியே போகாமல் குரலை நேராகக் கேட்கவைக்கும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

சுருதிப் பெட்டியை அறையில் ஒலிக்கவிடக் கூடாது. அது குரல் டிராக்கில் கலந்தால் இரண்டு டேக்குகளை ஒட்டும் இடத்தில் தடம் தெரியும். மூடிய வகை ஹெட்ஃபோனில் மட்டும் கேட்கட்டும். கர்நாடக சங்கீதத்துக்கு ஆட்டோடியூனை (சுருதியைத் தானாகத் திருத்தும் மென்பொருளை) வேகமாக வைத்தால் கமகம் படிக்கட்டாக உடையும், கரகரப்ரியாவின் காந்தாரம் அசைவிழந்து நிற்கும். பிசகிய ஓரிடத்தைக் கையால் நகர்த்துவது நேரமெடுக்கும், ஆனால் ராகம் பிழைக்கும்.

மிருதங்கத்துக்கு வலந்தலையில் (வலப்பக்கம்) ஒன்றும் தொப்பியில் (கனமாக ஒலிக்கும் இடப்பக்கம்) ஒன்றுமாக இரண்டு மைக் வைத்தால், ஒரு டிராக்கின் பொலாரிட்டியை, அதாவது ஒலி அலையை மேல்கீழாக, திருப்பிப் பாருங்கள். தொப்பி எதில் கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

மிக்ஸிங்குக்கு அனுப்பும்போது ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) எதுவும் சேர்க்காமல், எல்லா டிராக்கும் பூஜ்ய விநாடியிலிருந்தே தொடங்கும்படி வேவ் கோப்பாக எடுங்கள். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்.பி. வரும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பினால் சுருங்கிவிடும். டிரைவில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.