ஆயிரத்துக்கு 23: விக்டோரியா காலத்தில் ஓர் ஊரின் சாவுக் கணக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, இறப்புகள் அரசுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். அதற்கு முன் ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் தேவாலயத்தில் எழுதி வைத்ததோடு சரி.

புதுச் சட்டத்தில் பதிவாளருக்கு மாதச் சம்பளம் இல்லை. ஆண்டின் முதல் 20 பதிவுகளுக்குத் தலா இரண்டரை ஷில்லிங், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங். எங்கே குழந்தை பிறந்தது என்று தேடிப் போவதும் அவர் வேலைதான். 42 நாளுக்குள் பதிந்தால் பெற்றோருக்குச் செலவில்லை. ஆறு மாதம் தாண்டினால் பதியவே முடியாது. 1874ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொறுப்பைப் பெற்றோர் தலையில் வைத்தது. தவறினால் 40 ஷில்லிங் வரை அபராதம். இறப்பை ஐந்து நாளுக்குள் சொல்ல வேண்டும், சிகிச்சை பார்த்த மருத்துவர் சாவுக்கான காரணத்தை எழுதித் தர வேண்டும். இறந்தே பிறந்த குழந்தைகளுக்கு 1927 வரை பதிவு கிடையாது.

இந்தப் பதிவேட்டுக்குப் பல் முளைத்தது 1848இல். அந்த ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, வரி கட்டுவோரில் பத்தில் ஒரு பங்கினர் மனுக் கொடுத்தால் லண்டனிலிருந்து ஆய்வாளர் வரலாம். யாரும் கேட்காவிட்டாலும், ஏழாண்டு சராசரியில் ஆயிரம் பேருக்கு 23க்கு மேல் சாவு விழுந்தால் அவர் வரலாம், ஊர் மீது சுகாதார வாரியத்தையும் சுமத்தலாம். வாரியம் வந்தால் சாக்கடை வரும், கூடவே வரியும் வரும். அதனால் அந்த 23 பல ஊர்ப் பெரிய மனிதர்களுக்குக் கசந்தது.

சரி, அந்த எண்ணை எப்படிப் போட்டார்கள்? சாவு எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது. மக்கள்தொகைக்கோ பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்குதான். நடுவில் உள்ள ஆண்டுகளுக்கு, முந்தைய பத்தாண்டில் வளர்ந்த வேகத்திலேயே ஊர் வளர்வதாக வைத்துக்கொள்வார்கள். வேகமாக வளரும் ஊரில் இது காலை வாரும். 230 சாவுக்கு 10,000 பேர் என்று போட்டால் விகிதம் 23. உண்மையில் 11,500 பேர் இருந்தால் அது 20தான்.

லண்டனுக்குக் கிழக்கே இருந்த வெஸ்ட் ஹாம் அப்படி வளர்ந்த ஊர். 1851இல் 19,000 பேர் கூட இல்லை. 1901இல் 2,67,000க்கு மேல். வேலை தேடி வந்தவர்கள் பெரும்பாலும் இளசுகள். அதனால் பிறப்பு விகிதம் ஏறும், சாவு விகிதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஊர் சுத்தமாகிவிட்டதாகத் தோன்றும். அப்புறம், அந்தப் பகுதிக்கான ஏழைகள் விடுதி பக்கத்து லெய்ட்டனில் இருந்தது. அங்கே செத்த வெஸ்ட் ஹாம்காரர் லெய்ட்டன் பதிவேட்டில்தான் ஏறுவார். சுகாதார அதிகாரி தேடிப் பிடித்து வெஸ்ட் ஹாம் கணக்கில் சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.

மக்கள் நெருக்கக் கணக்கிலும் இதே சிக்கல். ஊரின் பரப்பு சுமார் 4,700 ஏக்கர் என்பதால் 1901இல் ஏக்கருக்கு 57 பேர் என்று வரும். ஆனால் அந்த ஏக்கர்களில் கப்பல் துறையின் தண்ணீர், சதுப்பு நிலம், தொழிற்சாலை எல்லாம் அடக்கம். வீடுகள் நிற்கும் தெருக்களில் நெருக்கம் அதைவிடப் பல மடங்கு.