செம்மண் பாதையில் ஜாக் வைக்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாகனப் பட்டறை நடத்தும் எனக்கு, லிந்தாங், லாசா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன் போன்ற பிக்கப் வண்டிகளே பெரும்பாலான வேலை. மழைக்காலம் வந்துவிட்டால், செம்பனைக் காட்டுக்குள் டயர் பஞ்சராகிவிட்டது, ஜாக் வைத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறோம் என்று யாராவது கைப்பேசியில் அழைப்பார்கள். எந்தச் சக்கரம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பின் சக்கரம் என்றால், உடனே தள்ளி நிற்கச் சொல்வேன்.

காரணம் இதுதான். ஆட்டோ கியரைப் 'பி'யில், அதாவது பார்க்கிங்கில், வைத்துவிட்டால் வண்டி நகராது என்று பலரும் நம்புகிறார்கள். 'பி' பூட்டுவது கியர்பெட்டியை மட்டுமே. அதற்கும் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இருக்கிறது. வளைவில் திரும்பும்போது ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்ற இடம் கொடுப்பது அதன் வேலை. ஒரு பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், தரையில் நிற்கும் மறு சக்கரம் முன்னோக்கி உருண்டால், தூக்கிய சக்கரம் காற்றில் எதிர்த்திசையில் சுற்றி அதற்கு வழிவிட்டுவிடும். 'பி'யோ முதல் கியரோ இதைத் தடுக்காது. அந்த நேரத்தில் ஏறக்குறைய 2 டன் எடையைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட்பிரேக் மட்டுமே. சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் ஓடும் தோட்ட வண்டிகளில் அதன் கேபிள் தளர்ந்து, துருவேறிக் கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதன் ஹேண்ட்பிரேக் சக்கரங்களில் வேலை செய்வதில்லை. கியர்பெட்டியின் சக்தியை முன், பின் அச்சுகளுக்கு அனுப்பும் டிரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால், பின் அச்சுக்குப் போகும் தண்டைத்தான் பிடிக்கிறது. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினால், ஹேண்ட்பிரேக்கை எவ்வளவு இறுக்கி இழுத்திருந்தாலும் வண்டி உருளக்கூடும்.

ஆகவே ஜாக்கை எடுப்பதற்கு முன்பே, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, வண்டியை நான்கு சக்கர இயக்கத்திற்கு மாற்றி, முன்பலகையில் அதற்குரிய விளக்கு மின்னாமல் நிலையாக எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 'பி' அல்லது முதல் கியர், ஹேண்ட்பிரேக், இன்ஜினை நிறுத்துதல். இப்போது முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். டிரான்ஸ்ஃபர் பெட்டி நடுநிலையில் நின்றுவிடக் கூடாது. நின்றால் 'பி'க்குப் பயனே இல்லை. ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது யாரும் இன்ஜினை முடுக்கவும் கூடாது. இவ்வளவும் செய்த பின்னரும், தூக்கப்போகும் சக்கரத்திற்குக் குறுக்கெதிரே உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும், உருளாதபடி மர ஆப்பு வைத்தே ஆக வேண்டும். செங்கல் வேண்டாம், எடை ஏறினால் நொறுங்கிவிடும்.

அடுத்தது தரை. ஒரு மாலை, 50 கிலோ உர மூட்டைகள் ஏற்றிய வண்டி ஒன்று மேட்டுப் பாதையில் நின்றிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது ஓர் இளைஞர் பின் அச்சின் கீழ் ஜாக்கைத் திருகிக்கொண்டிருந்தார். மேலே காய்ந்து, அடியில் ஊறிக் கிடந்த செம்மண் அது. உள்ளங்கையளவே இருந்த ஜாக்கின் அடித்தட்டு ஒரு பக்கமாக அமிழ்ந்து, அதன் தலை அச்சில் மெல்ல வழுக்கியதில், துருவுக்கு அடியிலிருந்த வெள்ளை இரும்பு ஒரு கோடாகத் தெரிந்தது. நான் கத்துவதற்குள் வண்டி இறங்கிவிட்டது. நல்ல வேளையாக, ஸ்பேர் டயரை முன்கூட்டியே வண்டியின் அடிச்சட்டமான சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்திருந்தார். வண்டி அதன்மேல் உட்கார்ந்தது. இரண்டு கைகளையும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றார் அந்தத் தம்பி. அந்த ஒரு பழக்கத்தை எல்லோரும் கைக்கொள்ள வேண்டும்: முதலில் ஸ்பேர் டயர் அடியில் போகட்டும், அதை மாட்ட எடுக்கும்போது கழற்றிய டயர் அந்த இடத்திற்குப் போகட்டும். உடம்பு மட்டும் ஒருபோதும் அடியில் போகக் கூடாது.

சுமையை முதலில் இறக்குங்கள்; 20 மூட்டை என்றால் 1 டன். சரிவில் நின்றிருந்தால், டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, மெதுவாகச் சமதரைக்கு ஓட்டி வாருங்கள். பின்பக்கம் தூக்கும்போது சக்கரத்தை ஒட்டிய அச்சுக் குழாயின் கீழ் ஜாக்கை வையுங்கள். சேசிஸில் வைத்தால் ஸ்பிரிங் தொங்கத் தொங்க இன்னும் உயரமாகத் தூக்க வேண்டிவரும், ஜாக் உயர உயர ஆட்டமும் கூடும். முன்பக்கத்துக்கு வண்டியின் கையேடு காட்டும் இடமே சரி. நட்டுகளை, டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட வேண்டும். மேலே தூக்கிய பிறகு ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடும். மாட்டி முடித்து, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடியும் இறுக்கிப் பாருங்கள்.

தோட்ட நிர்வாகத்தினரிடமும் ஒன்று கேட்கிறேன். 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலையாளின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு வண்டியிலும், ஜாக் மண்ணில் அமிழாதபடி அதன் அடியில் வைக்க 1 அடி சதுரம், 2 அங்குலக் கனமுள்ள கெட்டிப் பலகை ஒன்றும், சக்கரத்துக்கு வைக்கச் சாய்வாக அறுத்த மர ஆப்பு இரண்டும் இருக்கட்டும். பட்டறைக்கு வரும் வண்டியில் இவை இல்லையென்றால், மிச்சக் கட்டையில் நானே அறுத்து, பின் இருக்கைக்கு அடியில் வைத்து அனுப்புகிறேன்.