ஆமைத் தொட்டிக்குள் கூழாங்கல் போடும் முன்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆமை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்துணி விரித்து, உள்ளங்கை அகலத்தில் ரெட் இயர்டு ஸ்லைடர் என்ற வகை நீர் ஆமை ஒன்றைக் கொண்டுவந்தாள். 12 நாளாகச் சாப்பிடவில்லையாம். தண்ணீரில் விட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது. கையில் எடுத்ததுமே அதன் அளவுக்குப் பொருந்தாத கனம் தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், ஓட்டின் நிழலுக்குள் வெள்ளை வெள்ளையாகக் கற்கள். எண்ணினோம், 19.

"தாமிரபரணியில நானே பொறுக்கிட்டு வந்தது டாக்டர். கடையில விக்கிற கலர் கல்லு கெடுதல்னுதான் இத போட்டேன்" என்றார் அம்மா. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையோடு செய்த வேலை அது. ஆனால் "இயற்கையா கிடைச்சது, ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அரளி விதையும் இயற்கையாகக் கிடைப்பதுதான்.

அடுத்து எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "ஆத்துல கல்லோடதானே சார் இருக்கு? அங்க முழுங்கலையா?" முழுங்கும். காட்டு ஆமைகளும் மண்ணையும் சின்னக் கல்லையும் தின்பதுண்டு. ஆனால் அந்த ஆமை நாள் முழுக்க நீந்துகிறது, கட்டையில் ஏறி மணிக்கணக்கில் வெயில் காய்கிறது, நார்ச்சத்துள்ள நீர்ச்செடிகளைத் தின்கிறது. அதன் குடல் வேலை செய்கிறது, கல் தானாக வெளியே போய்விடுகிறது. உங்கள் தொட்டி இரண்டடி. ஆமை குளிர் ரத்தப் பிராணி. நீர் குளிர்ந்து கிடந்தால் குடலும் மந்தமாகிவிடும். காலை, மாலை உலர் தீவனம் மட்டும்தான் உணவு. அந்த உருண்டை கற்களுக்கு இடையில் விழுகிறது. ஆமைக்குப் பல் கிடையாது. நீருக்குள் வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சித்தான் இரையைப் பிடிக்கும். உருண்டை போகிற வழியிலேயே பக்கத்துக் கல்லும் போய்விடும். கால்சியம் குறைந்த ஆமை கல்லைத் தேடியே தின்பதையும் பார்க்கிறோம். அதற்குக் கணவாய் ஓட்டை ஒரு துண்டு உடைத்து நீரில் போடுங்கள், கடிக்கட்டும். ஆகவே, ஆற்றில் இருப்பதால் தொட்டியிலும் இருக்கலாம் என்ற கணக்கு தப்பு. நீங்கள் ஆற்றிலிருந்து கல்லை மட்டும்தான் எடுத்து வந்தீர்கள். வெயிலும் ஓட்டமும் தீனியும் அங்கேயே இருக்கின்றன.

கல் போட்டே ஆக வேண்டுமா? ஆமையின் தலையைப் போல இரண்டு மடங்காவது பெரிதாக இருக்கட்டும். அது வளரும், தலையும் வளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். அடியில் ஒன்றுமே போடாமல் வெறும் கண்ணாடியாக விட்டாலும் ஆமைக்கு ஒரு குறையும் வராது. எங்கள் கிளினிக்கில் அப்படித்தான் வைக்கிறோம், கழிவை உறிஞ்சி எடுப்பதும் சுலபம். கட்டட வேலையில் மிஞ்சிய எம்-சாண்டைக் கொட்டாதீர்கள். அது உடைத்த கருங்கல், முனை கூர்மை, அடி ஓட்டை அராவிவிடும். அராவிய இடத்தில் கிருமி புகுந்தால் ஓடு அழுகத் தொடங்கும். வெயில் காய ஏறும் மேடைக்குச் செங்கல் அடுக்குகிறவர்களுக்கும் இதே பதில்தான். ஓரம் மழுங்கிய தட்டைக் கல் துண்டு ஒன்று போதும்.

கிளிஞ்சல், சங்கு, பவளத் துண்டு. ராமேஸ்வரம் போனவர்கள் வீட்டுத் தொட்டியில் இவை இல்லாமல் இருப்பதில்லை. இவையெல்லாம் சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றும். உடைந்த கிளிஞ்சலின் விளிம்பு பிளேடு போல இருக்கும். ஒரு கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நான்கு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். பவளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கரையில் கிடந்ததாயிற்றே என்று பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

மரக்கட்டை விஷயத்தில்தான் எனக்குப் பயம் அதிகம். என்ன மரம் என்று தெரியாத கிளையை உள்ளே விடாதீர்கள். அரளி கட்டை முழுவதும் விஷம், இதயத்தைத் தாக்கும், காய்ந்தாலும் போகாது. எருக்கும் அப்படியே, அதன் பால் ஆகாது. வேலியோரம் வெட்டிப் போட்டிருந்த கிளை என்று எடுத்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டை நல்லது. பட்டையை உரித்து, ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, இரண்டு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவிட்டுப் போடுங்கள். நீர் டீ நிறமாக மாறினால் பதறாதீர்கள், அது கட்டையின் துவர்ப்பு. கட்டையைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்க வேண்டாம். உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு மெல்ல விடும்.

கட்டையைக் கொதிக்க வைக்கச் சொன்னேன், கல்லை அல்ல. ஆற்றுக் கல்லுக்குள் ஈரம் இருக்கும். அடுப்பில் வைத்தால் அது ஆவியாகி, கல் வெடித்துச் சிதறலாம். பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிநீரை மேலே ஊற்றி, நாலு நாள் வெயிலில் காயவிடுங்கள். தேய்க்கிற இடம் சமையலறை சிங்க்காக இருக்க வேண்டாம், தயவுசெய்து. ஆமைகள் எந்த நோயும் காட்டாமலே, நமக்கு வயிற்றுப்போக்கு தரும் சால்மோனெல்லா கிருமியைக் கழிவில் விடும். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்க 1975-லேயே தடை போட்டதற்குக் காரணம் குழந்தைகளுக்கு இந்தக் கிருமி தொற்றியதுதான். தொட்டிக்கென்று தனி வாளி, தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஏரியிலிருந்து வேலம்பாசியும் ஆகாயத்தாமரையும் அள்ளி வருவதையும் விடுங்கள். சாக்கடை கலந்த ஏரியில் ஆகாயத்தாமரை கன உலோகங்களை உறிஞ்சி வைத்திருக்கும். வேரோடு அட்டையும் நத்தையும் இலவசமாக வரும்.

நட்சத்திர ஆமையைக் கூண்டில் வைத்துக்கொண்டு "கீழ என்ன போடலாம்?" என்று போனில் கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆமை கல்லை விழுங்கிவிட்டதாகத் தோன்றினால் விளக்கெண்ணெய் ஊற்றாதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மூச்சுக்குழாயின் வாய் ஆமைக்கு நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. வாயைப் பிளந்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால், கல்லுக்கு முன்னால் நிமோனியா கொன்றுவிடும். தீனி எடுக்காமை, கழிவு போகாமை, சாய்ந்து மிதப்பது, பின்னங்காலை உந்தி முக்குவது. இதில் ஒன்று தெரிந்தாலும் தொட்டியில் எத்தனை கல் குறைகிறது என்று பார்த்துவிட்டு, உடனே எக்ஸ்ரே வசதி உள்ள இடத்துக்கு வாருங்கள். வரும்போது ஒரு கல்லையும் கையோடு எடுத்து வந்தால் அளவு பார்க்க எங்களுக்கு உதவும்.

அந்தப் பெண்ணின் ஆமைக்கு ஊசி வழியாகத் திரவம் ஏற்றி, தினமும் வெதுவெதுப்பான நீரில் உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறோம். வெளியே வரும் ஒவ்வொரு கல்லையும் கழுவி ஒரு தயிர்க் கப்பில் போட்டு, தேதியை நோட்டில் எழுதி வைக்கிறாள். இதுவரை 14. மிச்சம் ஐந்தில் ஒன்று பெரியது, இரண்டு எக்ஸ்ரேயிலும் ஒரே இடத்தில் நிற்கிறது. சனிக்கிழமை மறுபடி பார்ப்போம். அது நகராவிட்டால் அடி ஓட்டைச் சதுரமாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்த ஓடு சேர மாதக்கணக்காகும். அதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை.