விரல் கிளிப் சொல்லாத பாதி

கொரோனா காலத்தில் பல வீடுகளில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் கருவியும் வந்து சேர்ந்தது. விரலில் மாட்டினால் 98 என்று காட்டும், பார்த்ததும் நிம்மதி. ஆபரேஷன் தியேட்டரிலும் அதே பல்ஸ் ஆக்சிமீட்டர்தான். ஆனால் மயக்க மருத்துவர் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க மாட்டார்.

மயக்கம் கொடுக்கும் முன்பு நோயாளிக்குச் சில நிமிடம் சுத்தமான ஆக்சிஜன் கொடுப்பார்கள். நுரையீரல் முழுக்க அது நிரம்பிவிடும். அதற்குப் பிறகு மூச்சே நின்றுபோனாலும், நல்ல ஆரோக்கியமான ஒருவருக்குப் பல நிமிடங்கள் வரை விரலில் எண் பெரிதாக இறங்காது. கருவி பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதற்குத்தான் அது பதில் சொல்கிறது. மூச்சு ஓடுகிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் கரியமில வாயுவிடம் இருக்கிறது. மயக்க மருந்து இயந்திரத்தின் சுவாசக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய டியூப் நிமிடத்துக்குச் சுமார் 200 மில்லி வாயுவை உறிஞ்சி, மானிட்டருக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே அதன் வழியாக அகச்சிவப்புக் கதிர் பாய்கிறது. 4.3 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைக் கரியமில வாயு நன்றாக விழுங்கிவிடும். எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும். மூச்சை விடும்போது திரையில் கோடு ஏறும், இழுக்கும்போது இறங்கும். மூச்சு கொடுக்கத் தொண்டை வழியாக இறக்கும் பெரிய டியூப் மூச்சுக்குழாய்க்குப் பதில் தவறுதலாக உணவுக்குழாய்க்குள் போய்விட்டால், அந்த அலை வராது, வந்தாலும் சில மூச்சுகளில் மறைந்துவிடும். விரல் கிளிப் அப்போதும் 100 என்று காட்டிக்கொண்டிருக்கலாம்! என்னைக் கேட்டால், தியேட்டரில் உள்ள கோடுகளில் மிக முக்கியமானது இதுதான்.

செவோஃப்ளுரேன் போன்ற மயக்க வாயுக்களையும் இதே முறையில், வேறு அலைநீளங்களில் அளக்கிறார்கள். நோயாளி வெளிவிடும் மூச்சின் கடைசிப் பகுதியில் உள்ள அளவு, மூளைக்குப் போய்ச் சேரும் அளவுக்கு நெருக்கமானது. நடுவயதுக்காரர்களில் சுமார் 2 சதவீத செவோஃப்ளுரேன் இருந்தால், பாதிப் பேர் கத்தி பட்டாலும் அசைய மாட்டார்கள். வயது ஏற ஏற இதைவிடக் குறைவே போதும்.

ஆனால் ஆக்சிஜனிடம் இந்த வித்தை பலிக்காது. ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு என்பதால் அது அகச்சிவப்பைக் கண்டுகொள்வதே இல்லை. அதற்கு வேறொரு குணம் உண்டு: காந்தம் அதை இழுக்கும். இந்த இழுப்பை வைத்துத்தான் பல மானிட்டர்கள் ஆக்சிஜனை அளக்கின்றன.

சரி, மூச்சையே இவ்வளவு துல்லியமாக அளக்க முடிகிறதே, தமனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பது எதற்கு? நல்ல நுரையீரலில், வெளிமூச்சின் கரியமில அளவு ரத்தத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இருக்கும். நுரையீரல் கெட்டிருந்தாலோ ரத்த ஓட்டம் தளர்ந்திருந்தாலோ இந்த இடைவெளி விரிந்துவிடும். அப்போது மூச்சு காட்டும் எண்ணை நம்ப முடியாது. ரத்தத்தின் அமிலத்தன்மை மூச்சில் தெரியவும் தெரியாது.

இதன் அருமை 1952-இல் கோபன்ஹேகனில் புரிந்தது. அங்கே போலியோ பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வரிசையாக இறந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் மொத்தக் கரியமிலம் அதிகமாக இருந்தது. அதைக் காரத்தன்மை கூடியதன் அடையாளம் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர் அப்படியல்ல என்றார்: மூச்சு போதாமல் கரியமிலம் உள்ளே தேங்கி, ரத்தம் அமிலமாகிறது. ரத்தம் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் எண்ணை அளந்தபோது அவர் சொன்னதே சரி என்று தெரிந்தது. தொண்டையில் துளையிட்டு டியூப் வைத்து, மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டுக் கையாலேயே பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். இறப்பு பெருமளவு குறைந்தது. 1950-களின் இறுதியில் பிஎச், ஆக்சிஜன், கரியமிலம் மூன்றையும் அளக்கும் மின்முனைகளை ஒன்றாகச் சேர்த்தவர் ஜான் செவரிங்ஹாஸ். அவரும் மயக்க மருத்துவர்தான்!

இன்று ஏபிஜி, அதாவது தமனி ரத்த வாயுப் பரிசோதனை, என்று எழுதிக் கொடுத்தால் சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். பிஎச் 7.35 முதல் 7.45 வரை, கரியமில அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருந்தால் இயல்பு. ஆனால் சிரிஞ்சில் காற்றுக்குமிழி தங்கினால் போச்சு: அறைக்காற்றில் கரியமிலம் இல்லாததுபோலத்தான், எனவே அந்த எண் இறங்கிவிடும். மாதிரி மேசையில் வெகுநேரம் கிடந்தால், அதிலுள்ள ரத்த அணுக்கள் உயிரோடு இருந்து ஆக்சிஜனைத் தின்றுகொண்டே இருக்கும். அதனால்தான் ரத்தம் எடுத்த கையோடு, குமிழியை வெளியேற்றி, மூடியைப் போட்டுக்கொண்டு நர்ஸ் மெஷினை நோக்கி வேகமாக நடக்கிறார்.